ஓர் ஆட்டத் தண்டனை

வில்லர்ட் ஸ்டேட் கல்லூரி, அலபாமா
ஆகஸ்ட் 26, 1986

அன்புள்ள அக்காவுக்கு,

ஹோசியா எழுதுகிறேன். நான் நலம். ஃபுட்பால் சீசன் தொடங்கினால் வயிற்றுப் புண்ணும் கூடவே தொடங்கிவிடும், அது உனக்குத் தெரிந்ததுதான். உன் மணிக்கட்டு வலி எப்படி இருக்கிறது? மீன் ஆலையில் கொஞ்ச நாள் கத்தியைக் கீழே வைக்கச் சொன்ன டாக்டர் பேச்சைக் கேட்டாயா, இல்லை அவருக்கே வைத்தியம் சொல்லிவிட்டு வந்தாயா?

பத்திரிகையில் பார்த்து நீ பதறுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். உன் லாமாருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பயிற்சி முகாம் முடிந்த குஷியில், பையன்கள் இரண்டு பேர் பீர் குடித்துவிட்டு யாருடைய காரையோ வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். கார் ஒரு சலவைக் கடையின் சுவரில் ஏறிவிட்டது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கடைக்காரக் கிழவருக்குக் கால் முறிந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. லாமார் காரில் உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான். ஓட்டியது இன்னொரு பையன். அந்த விஷயத்தை முடித்துவிட்டேன்.

லாமாரை முதல் ஆட்டத்துக்கு மட்டும் உட்கார வைக்கிறேன். எதிரணி யார் தெரியுமா? பஸ் செலவுக்குக்கூடக் கஷ்டப்படுகிற ஒரு சின்னக் கல்லூரி. எங்கள் பேண்டு வாத்தியக்காரர்களை இறக்கினாலே ஜெயித்துவிடுவோம். 'கோச் கண்டிப்பானவர்' என்று ஊர் சொல்லும், உன் மகனுக்கும் நஷ்டமில்லை. எல்லாக் கோச்சும் செய்கிற வழிதான் இது. தவிர தினமும் காலையில் மைதானத்துப் படிக்கட்டை முப்பது தடவை ஏறி இறங்கச் சொல்லியிருக்கிறேன். நீ கவலைப்படாமல் தூங்கு.

உன் தம்பி,
ஹோசியா

*

லெட்சர் கிராசிங், மிசிசிப்பி
ஆகஸ்ட் 31, 1986

தம்பி ஹோசியாவுக்கு,

கடவுள் கிருபையால் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். மணிக்கட்டைப் பற்றிக் கேட்காதே, அதுவும் இருக்கிறது. வயிற்றுக்கு மோர் குடி, காபியை நிறுத்து.

உன் கடிதத்துக்கு ஒரு நாள் முன்பே பத்திரிகை வந்துவிட்டது, அதில் லாமார் பேர் மட்டும்தான் இருந்தது. ஆலை மேஸ்திரி அதை மடித்து எடுத்துக்கொண்டு, நான் கெளுத்தி வெட்டிக்கொண்டிருக்கும் மேஜைக்கே வந்து, "வெர்லீன், உம் புள்ள பேரு பேப்பர்ல வந்திருக்கு, இந்தத் தடவ ஆட்டத்துல ஓடினதுக்கு இல்ல" என்று இளித்தான். "ஒம் பேரு எந்தப் பேப்பர்லயும் வராதுல்ல, அந்த வயித்தெரிச்சல்" என்றேன். கையில் கத்தி இருந்ததால் அவன் மேலே பேசவில்லை.

ஓர் ஆட்டம் மட்டும் எதற்கு? பக்கத்தில் உட்கார்ந்திருப்பது குற்றமா? நீ என் தம்பி என்பதால் ஊருக்குப் பயந்து என் பிள்ளையைக் கூடுதலாகத் தண்டிக்காதே. மூன்று வருஷத்துக்கு முன்னால், கூடப் பிறந்தவன் வீட்டுக்கு வருகிற மாதிரி வராமல், கல்லூரி டை கட்டிக்கொண்டு, மற்ற கோச்சுகள் வருகிற மாதிரியே என் சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்தாய். "ரெண்டு பேரையும் எம் புள்ளையா பாத்துக்கறேம்மா" என்று என்னையே 'அம்மா' போட்டுப் பேசினாய். சிரித்துச் சிரித்து எனக்கும், மகனோடு வந்திருந்த பெர்னிஸுக்கும் வயிறு வலித்தது. அவள் செய்து கொண்டுவந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு இனிப்பை நீ ஒருவனே முக்கால்வாசி தின்றாய். அன்றைக்குச் சொன்னதை மறந்துவிடாதே.

பெர்னிஸ் மகன் எல்வின் எப்படி இருக்கிறான்? இந்த வருஷமாவது அவனை ஆட்டத்தில் இறக்குகிறாயா, இல்லை பெஞ்சைத்தான் காவல் காக்கிறானா?

அன்புடன்,
வெர்லீன்

*

வில்லர்ட் ஸ்டேட்
செப்டம்பர் 15, 1986

அன்புள்ள அக்கா,

நலம். மோர் குடிக்கிறேன். காபியை விடமுடியவில்லை.

சின்னக் கல்லூரியை நாற்பத்தொன்றுக்கு மூன்று என்று அடித்து அனுப்பினோம். நேற்று முன்தினம் லாமார் திரும்பி இறங்கினான். அடேயப்பா! பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நூற்று நாற்பத்தேழு கெஜம் ஓடினான். எதிரணியின் தடியன்கள் அவன் சட்டையைத் தொட்டதோடு சரி. பத்திரிகைக்காரர்கள் சலவைக் கடையையே மறந்துவிட்டார்கள். இந்த ஊர் போலீஸ் தலைவரே வந்து என் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

இங்கே மழையே இல்லை. அங்கே எப்படி?

ஹோசியா

*

லெட்சர் கிராசிங்
செப்டம்பர் 23, 1986

தம்பிக்கு,

இங்கே மழை நன்றாகவே பெய்கிறது. மீன் குட்டைகள் எல்லாம் நிரம்பிவிட்டன.

நூற்று நாற்பத்தேழு கெஜம் என்று ஆலை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மேஸ்திரி வாயைத் திறக்கவில்லை. ஆனால் பெர்னிஸும் திறக்கவில்லை, ஹோசியா. பதினொரு வருஷமாக மதியச் சாப்பாட்டுக்கு என் பக்கத்தில் உட்காருகிறவள், மூன்று வாரமாக ஜன்னலோரம் போய்த் தனியே உட்காருகிறாள். நேற்று நேரே போய்க் கேட்டேன்.

"என்னடி, எம்மேல என்ன கோவம்?"

"ஒம்மேல ஒண்ணுமில்ல."

"அப்புறம் ஏன் இங்க வந்து ஒக்காந்திருக்கே?"

"ஒந் தம்பியக் கேளு" என்று சொல்லிவிட்டு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

பிறகுதான் தெரிந்தது, எல்வின் ஆகஸ்ட் மாதமே வீட்டுக்கு வந்துவிட்டானாம். பகலில் வெளியே தலைகாட்டாமல் இருந்திருக்கிறான். போன திங்கட்கிழமை முதல் எங்கள் ஆலையின் பின்பக்கம் வேலை செய்கிறான். நீ எனக்கு எழுதவில்லையே. காரில் இருந்த இன்னொரு பையன் அவன்தானா?

வெர்லீன்

*

வில்லர்ட் ஸ்டேட்
அக்டோபர் 7, 1986

அன்புள்ள அக்காவுக்கு,

வேலை நெருக்கடியில் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. உன் உடம்பு எப்படி இருக்கிறது?

இந்த வாரம் மைதானத்தில் விற்கிற ஆட்டப் புத்தகத்தின் அட்டையிலேயே லாமார் படம். இரண்டு பிரதி அனுப்பியிருக்கிறேன். சம்பளத்துக்கு ஆடுகிற பெரிய அணிகளிலிருந்து ஆட்கள் கையில் கடிகாரத்தோடு வந்து அவன் ஓடுவதை அளந்துகொண்டு போகிறார்கள். ஏப்ரலில் ஆள் எடுப்பார்கள். அவன் பெயர் முதல் நாளிலேயே வரும் என்கிறார்கள். அதற்குப் பிறகு நீ ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு மீன் வெட்ட வேண்டாம்.

எல்வின் விஷயம் வருத்தமானதுதான். ஆனால் குடித்துவிட்டு ஓட்டி ஒரு கிழவரின் காலை உடைத்தவனை நான் அணியில் எப்படி வைத்துக்கொள்ள முடியும்? நான்தான் ஓட்டினேன் என்று அவனே போலீஸில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். எனக்கும் ஒரு சட்டம் இருக்கிறதல்லவா? நீ இதில் தலையிடாதே.

ஹோசியா

*

லெட்சர் கிராசிங்
அக்டோபர் 10, 1986

ஹோசியா,

உடம்பு இருக்கிறபடி இருக்கிறது. அட்டைப் படம் வந்தது. என் பிள்ளை அழகாகத்தான் இருக்கிறான்.

எங்கள் ஆலையின் பின்பக்கம் பெட்டி தூக்கி வைக்கிற ஃபோர்க்லிஃப்ட் ஒன்று இருக்கிறது. எல்வின் கல்லூரியில் படித்த பையனாயிற்றே என்று முதல் நாள் அவனை அதில் உட்கார வைத்தார்கள். இறங்கிவிட்டான். "எனக்கு எந்த வண்டியும் ஓட்டத் தெரியாது, ஐயா" என்றானாம். ஆண்பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள் என்று எங்கள் மேஜைவரை வந்து சொன்னார்கள். இப்போது தோளில் சாக்குப் போட்டுக்கொண்டு ஐஸ் பாளம் சுமக்கிறான்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அவன் அப்பா ரோட்டில் செத்த நாளிலிருந்து பெர்னிஸ் அவனை ஸ்டியரிங்கைத் தொடவிட்டதில்லை. உங்கள் கல்லூரிக்கு இரண்டு பையன்களும் பஸ்ஸில்தானே வந்தார்கள்?

அன்றைக்குக் காரை ஓட்டியது யார்? பேரை மட்டும் எழுது, போதும்.

வெர்லீன்

*

லெட்சர் கிராசிங்
அக்டோபர் 25, 1986

ஹோசியா,

பதினைந்து நாளாகிவிட்டது, உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால்காரர் எங்கள் தெருவுக்கு வருகிறார், நான்தான் தினமும் பார்க்கிறேனே.

லாமாருக்கும் அதே கேள்வியை எழுதினேன். பதில் வந்தது. அம்மாவுக்கு எழுதினால் பக்கம் பக்கமாக எழுதுகிறவன், 'கோச்சைக் கேளும்மா' என்று ஒரு வரி எழுதியிருக்கிறான். பிறந்ததிலிருந்து மைதானத்துக்கு வெளியே உன்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். அந்த ஒரு வரியைப் படித்ததும் எனக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இருந்தாலும் நீ சொல்ல வேண்டும். நான் காத்திருக்கிறேன்.

வெர்லீன்

*

வில்லர்ட் ஸ்டேட்
அக்டோபர் 29, 1986

அக்கா,

ஆமாம். லாமார்தான் ஓட்டினான். போதுமா?

போலீஸ் என்னைத்தான் முதலில் கூப்பிட்டது. இந்த ஊரில் அப்படித்தான். நான் போனபோது பையன்கள் இரண்டு பேரும் நடைபாதையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். யார் ஓட்டினார்கள் என்று போலீஸ் இன்னும் கேட்கவில்லை. கோச் கேட்டுச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்கள். எல்வினைத் தனியே கூட்டிப் போய், "நீ ஓட்டினேன்னு சொல்லு, ரெண்டு ஆட்டம் ஒக்கார வெப்பேன், படிப்புக்கு ஒண்ணும் ஆகாது, நான் பொறுப்பு" என்றேன். "சரி, கோச்" என்றான். போலீஸ் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டான். என் மனசில் வஞ்சகம் இல்லை. ஆனால் மறுநாள் கல்லூரித் தலைவர், யாரையாவது வெளியே அனுப்பியே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கையெழுத்துப் போட்டவனைத்தானே அனுப்ப முடியும்?

நீ நீதிபதி மாதிரி கேள்வி கேட்கிறாய். தொண்ணூறு பையன்களை நான் மேய்க்கிறேன். என் வேலை போனால் அவர்கள் கதி என்ன? யாருக்காகச் செய்தேன்? உன் மகனுக்காகச் செய்தேன். எல்வின் ஒருநாளும் பெரிய அணிக்குப் போகப்போவதில்லை. லாமார் போவான். நவம்பர் பன்னிரண்டாம் தேதி கேஸ். மிஞ்சிப்போனால் ஆறு மாதம் மாவட்டச் சிறைப் பண்ணையில் களை பிடுங்க விடுவார்கள். வெளியே வந்ததும் நானே வேலை பார்த்துக் கொடுக்கிறேன்.

பதினைந்தாம் தேதி கடைசி உள்ளூர் ஆட்டம். படிப்பை முடித்துப் போகிற பையன்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடுவோம். அவனவன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கு நடுவில் வருவான். அம்மாவுக்கு நான் என் கையால் சாமந்திப் பூ கொடுப்பேன். மூன்று வருஷமாக நீ கேட்டுக்கொண்டிருந்த நாள். நீல உடுப்பைப் போட்டுக்கொண்டு வா. அதுவரை தயவுசெய்து வாயைத் திறக்காதே.

ஹோசியா

*

லெட்சர் கிராசிங்
நவம்பர் 2, 1986

ஹோசியா,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. வயிற்றைப் பார்த்துக்கொள்.

எனக்காகச் செய்தேன் என்று இன்னொரு முறை எழுதாதே. நான் கேட்கவில்லை. நீ என் மேஜையில் வாக்குக் கொடுத்தது இரண்டு தாய்மாருக்கு. இரண்டு பேர் செய்ததையும் தின்றுவிட்டு, ஒருத்தி பிள்ளையைச் சுமந்துகொண்டு ஓடினாய், ஒருத்தி பிள்ளையைக் கீழே போட்டுவிட்டாய். அதுவும் ஆற அமர, யார் எவ்வளவு கெஜம் ஓடுவான் என்று பார்த்துத்தான் போட்டிருக்கிறாய்.

என் பிள்ளையும் யோக்கியன் இல்லை. கூட வளர்ந்தவன் ஐஸ் சுமக்கும்போது இவன் அட்டைப் படத்துக்குப் பல்லைக் காட்டியிருக்கிறான். அந்தப் படத்தை அடுப்பில் போட்டேன். போட்டுவிட்டு உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சர்ச் ஆபீஸிலிருந்து லாமாருக்குப் போன் செய்தேன். "கோர்ட்டுக்கு நான் வர்றேன். நீயும் வர்றே. யாரு ஓட்டினதுன்னு நீயே எழுந்திரிச்சுச் சொல்லப்போறே" என்றேன். "ஏப்ரல் போயிடும்மா" என்று அழுதான். "போகட்டும், மே வரும்" என்றேன். "மாமா?" என்றான். "மாமா பேர நீ சொல்லாத. அது அவன் வாயால வரணும்" என்று சொல்லியிருக்கிறேன்.

நான் வாயை மூட வேண்டுமா? நாளுக்கு எட்டு மணி நேரம் கத்தியைப் பிடிக்கிறவள் நான். மேஸ்திரிக்கே பயப்படாதவள், விசில் ஊதுகிற உனக்கா பயப்படப் போகிறேன்? முடிந்தால் தடுத்துப் பார்.

வெர்லீன்

*

லெட்சர் கிராசிங்
நவம்பர் 13, 1986

ஹோசியா,

பஸ்ஸில் வந்து, பஸ்ஸில் திரும்பிவிட்டேன். நலம். கோர்ட்டு உன் மைதானத்திலிருந்து நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறது. நீ வரவில்லை. வராதவனுக்கு எழுதித்தானே ஆகவேண்டும்.

நானும் பெர்னிஸும் ஒரே பஸ்ஸில் வந்தோம், ஆளுக்கு ஒரு சீட்டில். எல்வினின் பேரைக் கூப்பிட்டதும் லாமார் கடைசி வரிசையில் எழுந்தான். சர்ச்சுக்குப் போடுகிற கோட்டில் வந்திருந்தான். "ஐயா, அவன் ஓட்டலை. நான்தான் ஓட்டினேன். அவனுக்கு ஓட்டவே தெரியாது" என்றான். பிறகு நீதிபதி முன்னால் வரை நடந்து போனான், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சலவைக் கடைக் கிழவர் ஊன்றுகோலோடு வந்திருந்தார். அவர் இவனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். லாமார் அவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டான். அவர் பதில் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

நீதிபதி எல்வினிடம் கேட்டார்: "ஓட்டாதவன் ஓட்டினேன்னு ஏன் கையெழுத்துப் போட்டே?"

"போட்டேன், ஐயா."

"யாரு சொல்லிப் போட்டே?"

எல்வின் திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். நீதிபதி மூன்று தடவை கேட்டும் அவன் வாயைத் திறக்கவில்லை. உன்னைக் காப்பாற்ற நினைக்கவில்லை அவன். நீ என் தம்பி, நான் அவனுக்குச் சின்ன வயதில் சோறு போட்டவள், அதற்காகச் சும்மா இருந்தான். பெர்னிஸ் தன் கைப்பையை நெரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யார் சொன்னது என்று தெரியாமல் எல்வினை விடமுடியாது, பொய் எழுதிக் கொடுத்ததும் குற்றம்தான் என்று சொல்லி, நீதிபதி கேஸைத் திங்கட்கிழமை ஒன்பது மணிக்குத் தள்ளிவைத்துவிட்டார்.

திங்கட்கிழமை எனக்கு லீவு இல்லை. சனிக்கிழமை உன் பூவுக்கும் நான் வரமாட்டேன். லாமாரும் வரமாட்டான், சட்டையையும் ஹெல்மெட்டையும் உன் ஆபீஸ் வாசலில் வைத்துவிட்டான். இனி மிச்சம் நீதான். வந்து சொன்னால் நீ என் தம்பி. சொல்லாவிட்டால் அடுத்த தடவை நானே வந்து சொல்வேன், சத்தமாகவே சொல்வேன்.

வெர்லீன்

*

நவம்பர் 17, 1986

அன்புள்ள அக்காவுக்கு,

மணிக்கட்டு எப்படி இருக்கிறது? நான் நலமா என்று எனக்கே தெரியவில்லை. வயிறு மட்டும் அதிசயமாக வலிக்கவில்லை.

சனிக்கிழமைக்கு ஆகஸ்டிலேயே பதினெட்டுப் பூவுக்குச் சொல்லியிருந்தோம். பதினாறு அம்மாக்கள் வந்தார்கள். மிச்சம் இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டே முதல் பாதி முழுக்க நின்றிருக்கிறேன். உதவிக் கோச் வந்து, "கோச், பூவக் கீழ வெய்யுங்க, டிவியில காட்டறாங்க" என்றான். ஆட்டத்தில் தோற்றோம்.

இன்று காலை ஒன்பது மணிக்குப் போனேன். நீதிபதி மூக்குக் கண்ணாடியை இறக்கி, "நீங்க யாரு?" என்று கேட்டார். பதினான்கு வருஷமாக இந்த ஊரில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. கோச் என்று வாய்வரை வந்தது. "வெர்லீனோட தம்பி" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பையனிடம் என்ன சொன்னேன், என்ன வாக்குக் கொடுத்தேன், அடுத்த நாள் என்ன செய்தேன், ஒன்றையும் விடவில்லை.

எல்வின் பேரில் இருந்த கேஸை எடுத்துவிட்டார்கள். லாமாருக்கு மூன்று மாதம் சிறைப் பண்ணை. கிழவரின் கடைச் சுவரை அவன் கையாலேயே கட்டித் தரவேண்டும் என்றும் தீர்ப்பு. என் கேஸ் இனிமேல்தான். மத்தியானமே கல்லூரித் தலைவர் என் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார். விசிலை மட்டும் நான் கொடுக்கவில்லை, அது நான் வாங்கியது.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. பெர்னிஸுக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஹோசியா

*

லெட்சர் கிராசிங்
நவம்பர் 22, 1986

என் தம்பி ஹோசியாவுக்கு,

மணிக்கட்டு வலிக்கிறது, கத்தியும் ஓடுகிறது. மற்றபடி நலம். வேலை போனதற்காகக் காபியைக் கூட்டிவிடாதே.

பெர்னிஸுக்கு எழுதாதே, நேரில் வா. என் வீட்டுக்கு வருவதற்கு முன் அவள் வீட்டுப் படியேறு. டை கட்டாமல் வா. அவள் உன் முகத்தில் கதவைச் சாத்தினால் வாசலிலேயே நில். மறுபடி திறப்பாளா என்று எனக்குத் தெரியாது. என் பக்கத்தில் இன்னும் வந்து உட்காரவில்லை, ஜன்னலோரத்தில்தான் இருக்கிறாள். நேற்று அங்கிருந்தே, "உப்பு இருக்கா?" என்று கேட்டாள். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஜனவரியில் எல்வினை மறுபடி சேர்த்துக்கொள்வதாகக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். "யோசிச்சுச் சொல்றேன்" என்று பதில் போட்டிருக்கிறான். நன்றாக யோசிக்கட்டும். கொஞ்ச நாள் அவர்கள் காத்திருக்கட்டும்.

பத்திரிகைக்காரன் ஒருவன் சர்ச் ஆபீஸுக்குப் போன் செய்து என்னைக் கூப்பிட்டான். மகனின் எதிர்காலத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று ஊரில் பேசுகிறார்களாம், வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டான்.

"தம்பி, எம் மகன் நூத்தி நாப்பத்தேழு கெஜம் ஓடினான்னு பெரிசா எழுதினீங்கல்ல? அந்தக் கோர்ட்டுல கடைசி பெஞ்சிலேருந்து ஜட்ஜு முன்னாடி வரைக்கும் பதினெட்டுக் காலடி. நான் எண்ணினேன். கால் நடுங்க நடுங்க நடந்தான், ஒருத்தனும் தள்ளல, ஒருத்தனும் கை தட்டல. அதையும் பெரிசா எழுதுங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

உன் அக்கா,
வெர்லீன்